யூஎஸ்பி மைக்கா, ஆடியோ இன்டர்ஃபேஸா? வீட்டு ஒலிப்பதிவுக்கு எதை வாங்கலாம்

கணினியில் நேராகச் செருகும் யூஎஸ்பி மைக் போதுமா, எக்ஸ்எல்ஆர் மைக்கும் (மூன்று முனை கேபிளில் செருகுவது) கூடவே ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் (அந்த மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) வேண்டுமா? வீட்டில் பதிவு செய்யத் தொடங்குகிற எல்லோரும் முதலில் நிற்கும் இடம் இது. என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். தனியாக உட்கார்ந்து பேச மட்டும் என்றால் யூஎஸ்பி போதும். பாட்டு, வாத்தியம் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இன்டர்ஃபேஸ் வாங்குங்கள். ஆனால் பதிவின் தரத்தை இதைவிட அதிகமாக மாற்றும் கேள்வி வேறொன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

யூஎஸ்பி மைக்கில் ஒலியை வாங்கும் பகுதி, அதைப் பெருக்கும் ப்ரீஆம்ப், டிஜிட்டலாக மாற்றும் சிப் எல்லாம் ஒரே உடம்புக்குள் இருக்கும். செருகியதும் வேலை செய்யும். பல மாடல்களில் ஹெட்போன் துளையும் உண்டு. சங்கடம் இரண்டாவது ஆள் வந்து உட்காரும்போது தொடங்குகிறது. ஒவ்வொரு யூஎஸ்பி மைக்கும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடும். இரண்டை ஒரே கணினியில் செருகி நீண்ட நேரம் பதிவு செய்தால், இரண்டு குரலும் மெல்ல மெல்ல ஒன்றைவிட்டு ஒன்று விலகும். விண்டோஸில் ஆசியோ (ASIO) என்ற ஒலி டிரைவர் வழியாகப் பதிவு செய்யும் மென்பொருள்கள் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் ஏற்கும். மேக்கில் இரண்டை இணைக்க வழி உண்டு, ஆனால் தொடக்கத்திலேயே அந்தத் தலைவலி எதற்கு?

இன்டர்ஃபேஸ் இந்த வேலைகளைப் பிரித்துவிடுகிறது. மைக் தனி, பெட்டி தனி. மைக்கை மாற்றினாலும் பெட்டி இருக்கும், பெட்டியை மாற்றினாலும் மைக் இருக்கும். ஷூர் எஸ்எம்58 என்ற மேடை மைக் 1966இல் வந்தது. இன்றைய இன்டர்ஃபேஸிலும் அதே மூன்று முனை கேபிளில் செருகலாம். அந்தக் கேபிளில் ஒலி இரண்டு கம்பிகளில் போகிறது. வழியில் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும் இரைச்சல் மறுமுனையில் கழிபட்டுவிடும். மின்சார கிட்டாரை நேராகச் செருகும் வசதியும் பெரும்பாலான பெட்டிகளில் இருக்கிறது.

முடிவு எடுக்க முடியாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ் போன்ற டைனமிக் மைக்குகளில் (இந்த வகையைப் பற்றிக் கீழே) யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டு வாயும் இருக்கும். இன்று கணினியில் செருகி, நாளை இன்டர்ஃபேஸ் வாங்கியதும் அதே மைக்கை அதில் செருகலாம். பேச்சுக்காகத் தொடங்குகிறவருக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

சரி, இப்போது அந்த இன்னொரு கேள்வி: கண்டென்சரா, டைனமிக்கா? மைக்குகளின் இரண்டு முக்கிய வகைகள் இவை. டைனமிக்கில் காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருள் ஒலியை மின்சாரமாக்கும், கண்டென்சரில் மின்னேற்றிய மெல்லிய தகடு.

கண்டென்சர் அறையின் சத்தத்தையெல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நெடுநாள் அதை நம்பினேன். வெறும் சுவர்கள் உள்ள அறையில், மேசைமேல் ஒரு கண்டென்சரைத் தள்ளி வைத்துப் பேசிவிட்டு, ஃபேன் சத்தத்துக்கும் எதிரொலிக்கும் மைக்கைத் திட்டிய நாட்கள் உண்டு. உண்மையில் கண்டென்சர் கொடுக்கும் மின்னளவு பெரியது, அவ்வளவுதான். ஒரே அளவு சத்தத்துக்கு ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் சுமார் 14 மில்லிவோல்ட் தரும், டைனமிக்கான எஸ்எம்58 2 மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத் தரும். ஏறத்தாழ 17 டெசிபல் வித்தியாசம். டைனமிக்கில் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, கூட்டி இரண்டையும் சமமாக்கினால், அந்த ஃபேனும் கூடவே ஏறி வரும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? தூரத்திலிருந்து. டைனமிக்கை வாய்க்கு நான்கு விரற்கடையில் வைக்கிறோம், கண்டென்சரை ஒரு முழம் தள்ளி வைக்கிறோம். தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அறையின் எதிரொலி பெரிதாக மாறாது. 40 சென்டிமீட்டரிலிருந்து 10க்கு வந்தால் 12 டெசிபல் லாபம். எந்த விலையுயர்ந்த பெட்டியும் இதைத் தராது. ரொம்ப ஒட்டிப் போனால் கீழ்ஸ்தாயி வீங்கும், 'ப' வரும் இடத்தில் காற்று அடிக்கும். பாப் ஃபில்டர் (அந்தக் காற்றைத் தடுக்கும் திரை) போட்டு, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றே சாய்த்து வைத்தால் சரியாகிவிடும்.

இருந்தாலும் சரிசெய்யாத அறையில் பேசவும் பாடவும் டைனமிக் என் தேர்வு, ஏனென்றால் அதன் வடிவமே நம்மைப் பக்கத்தில் வரவைக்கிறது. அக்கூஸ்டிக் கிட்டார், புல்லாங்குழல் போன்றவற்றுக்குக் கண்டென்சர்தான். அந்த மேல் ஸ்தாயியின் நுணுக்கத்தை டைனமிக் பெரும்பாலும் மழுங்கடித்துவிடும்.

டைனமிக்கில் கவனிக்க வேண்டியது கெயின். ஷூரின் எஸ்எம்7பி என்ற டைனமிக் மைக்கை வாங்க ஆசைப்படுகிறவர்கள் பலர். அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. எளிய பெட்டிகள் சில அந்த அளவை எட்டுவதில்லை, எட்டினாலும் கடைசித் திருகில் சில பெட்டிகளில் இரைச்சல் தெரியும். ஆகவே வாங்கும் முன் இன்டர்ஃபேஸின் கெயின் அளவைப் பாருங்கள். கண்டென்சருக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் கேபிள் வழியாக மைக்குக்கு மின்சாரம் தர, இன்டர்ஃபேஸில் உள்ள 48 வோல்ட் பொத்தானைப் போட வேண்டும். சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் டைனமிக் இருக்கும்போது அந்தப் பொத்தான் தவறிப் பட்டாலும் கெடுதல் இல்லை. பழைய ரிப்பன் மைக் (மெல்லிய உலோக நாடா உள்ளது) இருந்தால் மட்டும் அந்தப் பொத்தான் பக்கமே போகாதீர்கள்.

பதிவு மென்பொருளின் அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள். பாட்டின் மிக உரத்த இடத்தைப் பாடிக்கொண்டே, மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி கெயினைத் திருப்புங்கள். 24 பிட்டில் குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டலாம். உச்சியில் வெட்டுப்பட்டதை மீட்பது கடினம்.

பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் தாமதமாக வந்தால் தாளம் போய்விடும். பஃபர் (கணினி ஒவ்வொரு தடவையும் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலியின் அளவு) 512 சாம்பிள் என்றால் அதுமட்டுமே சுமார் 11 மில்லி விநாடி, 128 என்றால் 3க்கும் குறைவு. இதோடு போகவர உள்ள மற்ற தாமதங்களும் சேரும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் (கணினிக்குப் போய் வராமல் குரலை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் வசதி) இருந்தால் அதைப் போட்டுவிட்டு, மென்பொருளில் அந்த டிராக்கின் மானிட்டரை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் குரல் இரண்டாகக் கேட்கும். ஹெட்போன் துளை உள்ள யூஎஸ்பி மைக்குகள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு.

கடைசியாக, ஒரு மைக் இன்புட்டா, இரண்டா? ஃபோகஸ்ரைட் நிறுவனத்தின் இன்டர்ஃபேஸ்களில் ஸ்கார்லெட் சோலோவும் 2ஐ2வும் இந்த இரண்டு வகைக்கும் நல்ல உதாரணங்கள். சோலோவில் மைக்குக்கு ஒரு வாய், கிட்டாருக்கு ஒரு வாய். தனியாகப் பாடிக்கொண்டு மின்சார கிட்டார் வாசிக்கிறவருக்கு அது தாராளம். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு ஒரு மைக், குரலுக்கு ஒரு மைக் என்று வைக்க வேண்டுமென்றாலோ, எதிரே இன்னொருவரை உட்கார வைத்துப் பேச வேண்டுமென்றாலோ இரண்டு மைக் வாய் உள்ளதையே வாங்குங்கள். இரண்டு குரலும் ஒரே கடிகாரத்தில், தனித்தனி டிராக்கில் வந்து உட்காரும்.