நியாய சன்ஹிதா கையடக்கப் பதிப்பு: ஒரு நாசரின் விமர்சனம்

சட்டப் புத்தகம் வாங்கும்போது ஆளுக்கொரு பிரிவைத் திறந்து சோதிப்பார்கள். நான் திறப்பது, கோர்ட் ஆட்களை மிரட்டினால் என்ன தண்டனை என்று சொல்லும் பக்கங்களை. கோர்ட்டில் நாசராக இருந்து ஓய்வு பெற்றவன். சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சார்பு ஊழியர்களும் ஜப்திக்குப் போகும் அமீனாக்களும் என் பொறுப்பில் இருந்தவர்கள். அதனால் இந்தப் பழக்கம் போகவில்லை.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் இந்த நீல அட்டைப் பதிப்பை சென்னை தம்புச் செட்டித் தெருவில் 240 ரூபாய்க்கு வாங்கினேன். பதிப்பகத்தின் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். எழுத்து பொடி. காகிதம் பரவாயில்லை.

நல்லது முதலில். 2024 ஜூலை 1க்கு முன்பு நடந்த குற்றத்துக்கு இன்னமும் பழைய தண்டனைச் சட்டம்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு மாரடிக்கிறவர்களுக்குப் பழைய எண், புதிய எண் பட்டியல் சோறு மாதிரி. இதில் அது சுத்தமாக இருக்கிறது. நீதிபதியை அவமதிப்பது பழைய 228, இப்போது 267. பொது ஊழியரை மிரட்டுவது 189, இப்போது 224. அவர் வேலைக்கு இடையூறு செய்வது 186, இப்போது 221. அவர் மீது கை வைப்பது 353, இப்போது 132. எனக்கு வேண்டிய எதிலும் பிசகு இல்லை. தண்டனையில் என்ன மாறியது என்றும் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். விசாரணை நடத்திக்கொண்டிருக்கும் நீதிபதியை வேண்டுமென்றே அவமதித்தாலோ இடைஞ்சல் செய்தாலோ 6 மாதம் வரை வெறுங்காவல், அது அப்படியே இருக்கிறது. அபராத உச்சம்தான் 1,000 ரூபாயிலிருந்து 5,000 ஆகியிருக்கிறது.

பின்னிணைப்பில் 1971ஆம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அதன் 12வது பிரிவில் 6 மாதம் அல்லது 2,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அரை நூற்றாண்டு தாண்டியும் அதே 2,000! முன்சீப் கோர்ட்டில் கூச்சல் போட்டவனுக்கு 5,000 வரை போகலாம், உயர் நீதிமன்றத்தை அவமதித்தவனுக்கு இந்தச் சட்டப்படி 2,000தான். ஒரே அட்டைக்குள் இரண்டையும் படிக்கும்போதுதான் இது உறைக்கிறது. நடைமுறையில் தண்டனை எந்த எல்லைக்கும் போகலாம். 2017 மே மாதம் நீதிபதி சி.எஸ்.கர்ணனுக்கு உச்ச நீதிமன்றம் முழு 6 மாதம் கொடுத்தது. 2020இல் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷணுக்கு 1 ரூபாய் அபராதத்தோடு முடித்தது.

இனி குறை. எந்தக் குற்றத்துக்கு வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம், எதற்கு ஜாமீன் என்று சொல்லும் முதல் அட்டவணை இதில் கிடையாது. அது குற்ற விசாரணை முறையைச் சொல்லும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் வருவது, அதனால் சேர்க்கவில்லை என்பார்கள். ஆனால் அது இல்லாமல் 224ஐப் படித்து ஒரு புண்ணியமும் இல்லை.

என் அமீனா ஒருவர் ஜப்தி வாரண்டோடு ஒரு நெல் மில்லுக்குப் போனார். முதலாளியின் தம்பி நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, மெதுவாகச் சொன்னாராம்: "அமீனா சார், வந்த வழியே போயிடுங்க. சின்னப் புள்ளைங்க இருக்கிற வீடு உங்களது." அவ்வளவுதான். அமீனா திரும்பி வந்து, எதிர்ப்பினால் நிறைவேற்ற முடியவில்லை என்று ரிப்போர்ட் எழுதினார். ஸ்டேஷனுக்குப் போனால் முதல் கேள்வி, "கை வெச்சானா? சட்டையப் புடிச்சானா?" இல்லை என்றதும் பேனாவை மூடிவிட்டார்கள்.

அந்தக் கேள்விக்குக் காரணம் அட்டவணையில் இருக்கிறது. கடமையைச் செய்யவிடாமல் கை வைத்தால் 132. வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் இல்லை. வாயால் மிரட்டினால் 224. இதற்கும் அதே 2 வருடம் வரைதான் தண்டனை, ஆனால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாது. இடையூறு என்று 221க்குப் போனால் 3 மாதம் வரை, அதற்கும் சம்பந்தப்பட்ட ஊழியரோ அவர் மேலதிகாரியோ எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். இந்த மூன்று விஷயத்தை அரைப் பக்கத்தில் அச்சடித்திருக்கலாம். முன்னுரைக்கு 6 பக்கம் இருந்திருக்கிறதே! மிரட்டலை மோரோடு சேர்த்துக் கொடுக்கத் தெரிந்தவன்தான் இந்த வித்தியாசத்தில் தப்பிக்கிறான்.

அந்த முன்னுரையில் ஜார்க்கண்ட் மாநிலத் தன்பாத் வழக்கு வருகிறது. 2021 ஜூலை 28 காலை ஓட்டப்பயிற்சிக்குப் போன கூடுதல் மாவட்ட நீதிபதி உத்தம் ஆனந்த் மீது ஆட்டோவை மோதிக் கொன்றார்கள். மறு வருடம் அதே தேதியில் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்து, ஆயுள் தண்டனையும் ஆனது. சொல்ல வேண்டிய வழக்கு, மறுக்கவில்லை. ஆனால் சார்பு ஊழியர், அமீனா, கோர்ட் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் யாரைப் பற்றியும் அந்த 6 பக்கத்தில் ஒரு வரி இல்லை. 2வது பிரிவின் 28வது உட்பிரிவில் கோர்ட் அலுவலரும் ஆணையரும் பொது ஊழியர்தான் என்று சட்டமே சொல்கிறது.

இன்னொரு ஓட்டை, லஞ்சம். நீதிபதிக்குப் பணம் கொடுப்பதற்கு சன்ஹிதாவில் தேடினால் கிடைக்காது. பழைய சட்டத்தின் 161 முதலான பிரிவுகளை 1988இலேயே ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். "ஜட்ஜய்யா நமக்கு வேண்டப்பட்டவர், செலவு பண்ணா முடிச்சிடலாம்" என்று கோர்ட் வாசல் டீக்கடையில் கட்சிக்காரரிடம் பணம் பிடுங்கும் ஆளுக்கு அந்தச் சட்டத்தின் 7ஏ பிரிவு, 2018 திருத்தத்தில் வந்தது, 3 முதல் 7 வருடம். பணம் கொடுத்தவருக்கும் 8வது பிரிவில் 7 வருடம் வரை உண்டு. கட்டாயத்தினால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். அவமதிப்புச் சட்டத்தைச் சேர்த்தவர்கள் இந்த இரண்டு பிரிவையும் சேர்த்திருந்தால் நாலு பக்கம் கூடியிருக்கும். 2009இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ரகுபதி, ஒரு மத்திய அமைச்சர் பெயரைச் சொல்லித் தன்னிடம் பேச்சு வந்தது என்று திறந்த கோர்ட்டிலேயே போட்டு உடைத்தார். எல்லா ஆபத்தும் அரிவாளோடு வருவதில்லை.

சட்டக் கல்லூரிப் பிள்ளைகளும் ஜூனியர் வக்கீல்களும் தாராளமாக வாங்கலாம், பட்டியலுக்காகவே 240 தகும். நாசர் பிரிவில் இருப்பவர்கள் இதை விட்டுவிட்டு, மூன்று புதுச் சட்டங்களும் அட்டவணையோடு ஒரே கட்டாக வரும் பெரிய பதிப்பை ஆபீசுக்குப் பொதுவாக வாங்கிக்கொள்ளுங்கள். பைண்டிங் வேறு லொடலொட என்று இருக்கிறது, எனக்கு 260வது பிரிவுப் பக்கம் இப்போதே தனியாக வந்துவிட்டது.