ஆய்வுக்கு எந்த அவை: பிரதிநிதிகள் அவையா, செனட்டா?

அமெரிக்க காங்கிரஸின் நடைமுறை விதிகளை முனைவர் பட்டத்துக்கு எடுப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, எந்த அவை என்பதைத்தான். நான் செனட்டில் தொடங்கி, ஓராண்டு கழித்துப் பிரதிநிதிகள் அவைக்கு மாறினேன். இன்று கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

செனட்டின் கவர்ச்சி தெரிந்ததுதான். பேசிப் பேசியே மசோதாவை முடக்கும் ஃபிலிபஸ்டர். அதை நிறுத்த 60 வாக்கு. விவாதத்தை முடித்துவைக்கும் விதி 1917இல் வந்தது, 1975இல் தளர்ந்தது. 2013, 2017 மாற்றங்களுக்குப் பிறகு நியமனங்களுக்கு மட்டும் சாதாரணப் பெரும்பான்மை போதும். வகுப்பில் சொல்ல நல்ல கதை.

ஆனால் ஆய்வேட்டை முடிக்கச் சான்று வேண்டுமே! செனட்டின் அன்றாட வேலை பெரும்பாலும் ஏகமனதான சம்மதத்தில்தான் நடக்கிறது. அவைக் குறிப்பைப் புரட்டினால் 'ஆட்சேபம் இல்லை, அவ்வாறே ஆணையிடப்படுகிறது' என்று ஒரே வரி. அதற்கு முன் யார் யாரோடு தொலைபேசியில் பேசினார்கள், மசோதாவைப் பிடித்துவைத்திருந்தவர் எதை வாங்கிக்கொண்டு இறங்கிவந்தார் என்பதெல்லாம் அதில் இருக்காது. வாக்கெடுப்பே இல்லாத இடத்தில் எதை எண்ணுவது? ஓராண்டு முழுக்க அந்த வரியைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

பிரதிநிதிகள் அவையில் முக்கியமான மசோதா விவாதத்துக்கு வருமுன், விதிகள் குழு அதற்கென்று தனித் தீர்மானம் கொண்டுவரும். குழுவில் 13 பேர். 9 பேர் பெரும்பான்மைக் கட்சி. எவ்வளவு நேரம் விவாதம், எந்தத் திருத்தங்களுக்கு இடம், எந்த வரிசை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம், எல்லாம் அச்சில் இருக்கும். விடுபட்ட திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லிக் குழுவில் வாக்கெடுப்பு நடந்திருந்தால், யார் எந்தப் பக்கம் என்பதும் அறிக்கையில் உண்டு. எந்தக் கேள்வி அவைக்கே வரக்கூடாது என்று தலைமை நினைத்தது? அந்த ஓர் அறிக்கையே சொல்லிவிடும். 1910இல் சபாநாயகர் கேனனை உறுப்பினர்கள் இந்தக் குழுவிலிருந்து ஏன் வெளியேற்றினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு விஷயத்தில் செனட்தான் மேல். தேசிய ஆவணக் காப்பகத்தில் செனட் குழுக்களின் பெரும்பாலான பதிவேடுகள் 20 ஆண்டில் திறக்கும். பிரதிநிதிகள் அவைக்கு 30. அண்மைக் காலத்தை ஆராய்பவருக்கு இந்தப் பத்தாண்டு பெரிய இழப்பு. அப்புறம், எதை எடுத்தால் பேராசிரியர் வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். நான் பார்த்தது நாலைந்து பேரைத்தான்; அதை வைத்துச் சொல்வது சரியாகாது.

செனட்டைத்தான் எடுப்பேன் என்பவர்கள், அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கம் 1953 முதல் நடத்திவரும் காங்கிரஸ் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். ஒரு செனட்டரின் அலுவலகத்தில் உட்கார்ந்தால்தான் அந்தத் தொலைபேசிப் பேச்சு காதில் விழும்.