தனுஷ்கோடியில் ஏ மோடா, எஸ் மோடா?

கையடக்க கேமராவின் டயலில் ஆட்டோவைத் தாண்டியதும் குழப்புவது இந்த இரண்டும்தான். ஏ-வில் லென்ஸ் துவாரத்தை நாம் வைக்கிறோம், ஷட்டர் வேகத்தை கேமரா பார்த்துக்கொள்ளும். எஸ்-இல் நேர்மாறு. கேனானில் இவையே ஏவி, டிவி.

1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவர், கோதண்டராமர் கோயில் மாதிரி அசையாதவற்றுக்கு ஏ போதும். துவாரத்தின் அளவைச் சொல்லும் எஃப் எண்ணை (எண் குறைந்தால் துவாரம் பெரிது) 4-இல் வைத்துவிட்டு நடக்கலாம். பின்னணி மங்கும் என்று மட்டும் ரொம்ப நம்ப வேண்டாம். சிறிய சென்சாரில், ஜூம் செய்யாமல் எடுத்தால், எஃப் 2.8-லும் ஆளும் பின்னாலுள்ள கடலும் ஏறக்குறைய தெளிவாகவே விழும்.

ஆனால் இந்தக் கரையில் எதுதான் சும்மா நிற்கிறது? காற்று விடாது. எஸ்-இல், பறக்கும் ஆலாப் பறவைகளுக்கு 1/1000 நொடி, பாம்பன் பாலத்தில் வரும் ரயிலுக்கு 1/500 வைக்கலாம். அலை பால் போல வழிய வேண்டுமென்றால் அரை நொடி வேண்டும். அது வெளிச்சம் குறைந்த விடிகாலையில்தான் நடக்கும், முக்காலியும் தேவை. எஸ்-இல் ஒரு தொல்லை உண்டு. ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறனான ஐஎஸ்ஓ-வை 100-இல் நிறுத்திவிட்டு, பொழுது சாய்ந்த பிறகும் 1/1000-இலேயே எடுத்தால் படம் கறுத்துவிடும். துவாரம் அதற்கு மேல் திறக்காது. பல கேமராக்களில் எஃப் எண் சிமிட்டியோ சிவந்தோ எச்சரிக்கும், வெயிலில் திரை கண்ணுக்குத் தெரிந்தால்!

எனக்கு இங்கே எஸ்தான். அப்புறம், எந்த மோடானாலும் சரி, வெளிர் மணலைப் பார்த்து, வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் ஏமாந்து முகங்களை இருட்டாக்கும். ப்ளஸ்-மைனஸ் பொத்தானில் +0.7 தட்டிக்கொள்ளுங்கள்.