நெல்லியாம்பதி அடிவாரத்தில் எரிந்த மஞ்சள் விளக்கு

கோவை விமான நிலையத்திலிருந்து பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறை வந்து சேரும் வரை வண்டி ஒரு முணுமுணுப்பும் காட்டவில்லை. சித்தப்பாவின் வண்டி. 2016 மாடல் சின்னக் கார். ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். கல்யாணம், ஆஸ்பத்திரி, பழனி என்று வருடத்தில் பத்துப் பதினைந்து தடவை வெளியே வந்தால் அதிகம். "சும்மாதான் நிக்குது, நீ ஓட்டு கண்ணு" என்று சாவியைக் கையில் கொடுத்தார். இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து மூன்று வார விடுப்பில் போன எனக்கு வாடகைக் கார் செலவு மிச்சம். அந்தச் 'சும்மாதான் நிக்குது'வில்தான் வினை இருந்தது.

நாலாம் நாள் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நெல்லியாம்பதி மலைக்குக் கிளம்பினேன். நென்மாறையில் டீ குடிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஹெட்லைட், வைப்பர், ஏ.சி., பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. போத்துண்டி அணைப் பக்கம் வண்டியை ஒடித்து நிறுத்தப் பார்த்தபோது ஸ்டியரிங் திடீரென்று அம்மிக்கல்லாகக் கனத்தது. டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு ஸ்டியரிங் படம், பக்கத்தில் ஆச்சரியக்குறி.

வண்டியை அணைத்துத் திரும்ப ஸ்டார்ட் செய்தேன். விளக்கு போய்விட்டது, ஸ்டியரிங்கும் பழையபடி லேசானது. சரி, ஏதோ கோளாறு என்று நகர்ந்தால் ஐந்தே நிமிடத்தில் மறுபடி எரிந்தது. அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள். திரும்பிவிட்டேன். பிள்ளைகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். அம்மா மட்டும் "நல்ல வேளை" என்றார்.

திரும்பி வரும்போது ஒன்று புரிந்தது. இந்த விளக்கு எரிந்தால் ஸ்டியரிங் கையை விட்டுப் போய்விடாது. சக்கரத்துக்கும் கைக்கும் இடையிலுள்ள இரும்புத் தண்டு அப்படியேதான் இருக்கிறது. கூடத் தள்ளிவிடும் மோட்டார்தான் ஒதுங்கிக்கொள்கிறது. நாற்பது ஐம்பது வேகத்தில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. மெதுவாகத் திருப்பும்போதுதான் தோள் வலித்தது. ஆனாலும் மலை வளைவில் பாதியில் அது ஒதுங்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை. இங்கிலாந்தில் வருடாவருடம் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் இந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தாலே வண்டி ஃபெயில். நம் ஊரில் சொந்தக் காருக்குப் புகைச் சான்றிதழ் கையில் இருந்தால் மற்றதை யார் கேட்கிறார்கள்?

சாலையோர உதவி எண்ணுக்கு அழைத்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இந்தி, இங்கிலீஷ், மலையாளம் என்று அழுத்தி அழுத்திக் கடைசியில் ஓர் ஆள் கிடைத்தார்; மூன்று மணி நேரம் ஆகும் என்றார். நானே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பாலக்காட்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் சென்டர். ஏ.சி. அறை, காபி இயந்திரம், டை கட்டிய பையன், நல்ல மரியாதை. முக்கால் மணி நேரத்தில் வந்து, "காலம் அசெம்ப்ளி மாத்தணும் சார், 38,000 ஆகும், பார்ட்ஸ் வர பத்து நாள்" என்றார். காலம் என்றால் column, ஸ்டியரிங்கைத் தாங்கும் தண்டுப் பகுதி. கம்ப்யூட்டரில் என்ன பழுதுக் கோடு (code) வந்தது என்று கேட்டேன். சிஸ்டத்தில் இருக்கிறது என்றார். பிரிண்ட் கொடுங்கள் என்றால் சிரித்தார். பேட்டரியைப் பார்த்தீர்களா என்றதற்கு, "வண்டிதான் ஸ்டார்ட் ஆகுதே சார்." அவர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலம் அசெம்ப்ளிக்குள் இருக்கும் சென்சார் நிஜமாகவே போவதுண்டு, அப்போது மொத்தமாக மாற்றத்தான் வேண்டும். எதையும் அளந்து பார்க்காமல் 38,000 என்று வாய் கூசாமல் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

லெஸ்டரிலிருந்து பெருமையாகக் கொண்டுபோயிருந்த என் புளூடூத் ஸ்கேனரும் கைவிட்டது. எந்தப் பழுதும் இல்லை என்று காட்டியது. அந்த மலிவுக் கருவிகளில் பல எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். ஸ்டியரிங் கம்ப்யூட்டரோடு அவற்றுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குக் கொஞ்சம் பெரிய ஸ்கேனர் வேண்டும்.

சித்தப்பாதான் கொழிஞ்சாம்பாறையில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அனுப்பினார். பழைய ஓட்டுக் கட்டடம், வாசலில் அறுத்துப் போட்ட ஒயர்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். என்னிடம் தமிழ், போனில் மலையாளம், உதவிக்கு நின்ற பையனிடம் இரண்டும் கலந்து. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இது சாதாரணம், ஆனாலும் கேட்கக் கேட்க ஊருக்கு வந்துவிட்டோம் என்று தோன்றும்.

வண்டியைத் தொடும் முன்னால் கேள்விகள்தான். "கூட வேற விளக்கு எரிஞ்சுதுங்களா தம்பி? பேட்டரி விளக்கு? ஏ.பி.எஸ்.?" இல்லை என்றேன். பேட்டரி விளக்கும் சேர்ந்து எரிந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் போக வேண்டும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸின் விளக்கு சேர்ந்தால் சக்கர வேக சென்சார் பக்கம் என்றார். ஸ்டியரிங்குக்கு வேகம் தெரிய வேண்டும்; மெதுவாகப் போனால் அதிகம் தள்ளும், வேகமாகப் போனால் குறைக்கும். "நின்ன எடத்துலயே கடைசி வரைக்கும் முறுக்கி முறுக்கிப் புடிச்சீங்களா?" அப்படிச் செய்தால் மோட்டார் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைக்குமாம், ஆறினால் தானே சரியாகும்.

"ஆயிலுங் கிடையாது, பம்புங் கிடையாது. எல்லாம் கரண்டு" என்றபடி பானெட்டைத் திறந்தார். பழைய பவர் ஸ்டியரிங்கில் எஞ்சின் பெல்ட்டில் ஓடும் பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ளியது. சின்ன எஞ்சினுக்கு அது பெரிய சுமை. அதனால்தானோ என்னவோ, இந்த மின்சார வகை முதலில் வந்ததே 1988-இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில்தான். தண்டில் ஒரு முறுக்குக் கம்பி. நம் கை எவ்வளவு முறுக்குகிறது என்று சென்சார் அளந்து சொல்லும், அதற்கேற்ப மோட்டாருக்கு கரண்ட் போகும். நிறுத்துமிடத்தில் ஒடிக்கும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். அந்த நேரம் வோல்டேஜ் இறங்கினால் கம்ப்யூட்டர் மோட்டாரை நிறுத்தி விளக்கைப் போட்டுவிடும்.

பாசிட்டிவ் டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. மல்டிமீட்டர் 12.1 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 காட்ட வேண்டும். எஞ்சின் ஓட 14-ஐத் தொட்டது, அதனால் ஆல்டர்னேட்டர் பிழைத்தது. அப்புறம் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கட்டையிலும் இன்னொன்றை அதைக் கவ்வும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, என்னை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். இரண்டும் ஒட்டிக்கொண்டிருப்பவை, நடுவில் ஏறக்குறைய சைபர்தான் வர வேண்டும். 0.8 வோல்ட் வந்தது. "பாத்தீங்களா, இங்கயே தின்னுருது."

சுடுதண்ணீர், உப்புத்தாள், வாஸ்லின். பாடிக்குப் போகும் எர்த் ஒயரையும் கழற்றித் தேய்த்து முறுக்கினார். பேட்டரிக்கு ஐந்து வயது ஆகிவிட்டிருந்ததால் அதையும் மாற்றச் சொன்னேன். திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்தால் அதே மஞ்சள் விளக்கு! எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் அசரவே இல்லை. இடது கடைசி வரை, வலது கடைசி வரை திருப்பச் சொன்னார், அத்திக்கோடு ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார். அணைந்தது. பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளில் ஸ்டியரிங் நேராக நிற்கும் இடம் மறந்துபோகும். சிலவற்றுக்கு ஸ்கேனர் வைத்தே சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.

கூலி 350 ரூபாய். பேட்டரி பழையதைக் கழித்து 4,200. 500 ரூபாய்த் தாள்களாக எடுத்துக் கொடுத்தபோது, "ஜிபே இல்லீங்களா?" என்று ஏதோ பரிதாபமாகப் பார்த்தார்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். சாவியைத் திருப்பினதும் இந்த விளக்குகள் எல்லாம் ஒரு தடவை எரிந்துவிட்டு, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்பட வேண்டும்; விற்கிற வண்டியில் விளக்கையே செயலிழக்கச் செய்துவைப்பவர்கள் உண்டு.

மறுவாரம் நெல்லியாம்பதி போய் சீதார்குண்டு காட்சி முனையில் மேகத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காமல் இறங்கினோம். விளக்கு வரவில்லை. சித்தப்பா வாரம் ஒருமுறை ஷெட்டிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது வழக்கம். சும்மா நின்று இறங்கிய சார்ஜ் அதில் முழுதாகத் திரும்ப ஏறியிருக்காது. அரை மணி நேரம் சித்தூர் வரை ஓட்டிவிட்டு வாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டு விமானம் ஏறினேன்.

லெஸ்டரில் இறங்கிய இரண்டாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. டேஷ்போர்டு தீபாவளியாக மின்னிக்கொண்டிருந்தது. "எல்லாமே எரியுது கண்ணு, என்ன பண்ணட்டும்?"

"ஸ்டார்ட் பண்ணுங்க சித்தப்பா" என்று பதில் போட்டேன்.