கருத்தடை ஆலோசனைக்கு எங்கே போவது: மருந்துக்கடையா, குடும்ப டாக்டரா, தனி கிளினிக்கா?

கல்யாணம் ஆகாத பெண் கருத்தடை பற்றிக் கேட்க மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று ஈடு கிடையாது.

மருந்துக்கடையின் பலம் வேகம். ஆணுறை கிழிந்துபோன மறுநாள் காலையில் அதுதான் முக்கியம். லெவோனோர்ஜெஸ்ட்ரெல் என்னும் அவசரக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று போட வேண்டும். ஆனால் பின்னால் நாலு பேர் நிற்கும்போது இதையெல்லாம் எந்தப் பெண்ணால் நிதானமாகக் கேட்க முடியும்? மாத்திரையைக் கைக்குள் மடித்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

குடும்ப டாக்டருக்கு அவள் உடம்பைப் பற்றி நன்றாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், அம்மாவுக்கும் அவர்தான் டாக்டர். ரகசியம் காப்பது அவர் கடமைதான். இருந்தாலும் பயத்தில் பாதியைத்தான் சொல்வாள், மாதவிடாய் சரியில்லை என்று ஏதாவது காரணம் சொல்லி தினமும் போடும் கருத்தடை மாத்திரை கேட்பாள்.

இளம்பெண்களுக்கான தனி கிளினிக்கில் அந்த நாடகம் தேவையில்லை. 1964இல் லண்டனில் ஹெலன் புரூக் இப்படியொரு மையத்தைத் தொடங்கியதே, கல்யாணம் ஆகாதவர்கள் கூச்சமில்லாமல் வந்து கேட்கத்தான். அங்கே ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். அப்புறம், தலைவலி வரும்முன் கண்ணில் மின்னல் மாதிரி தெரியுமா என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை கூடாது, பக்கவாத ஆபத்து கூடும். இந்த ஒரு கேள்விக்காகவே நான் கிளினிக் பக்கம்தான் நிற்பேன். மாத்திரை ஆரம்பிக்க உள்பரிசோதனை வேண்டியதில்லை என்பதையும் பலர் அங்கேதான் முதன்முதலில் தெரிந்துகொள்கிறார்கள்.

தேர்வும் அங்கே அதிகம். சாதாரணமாகப் பயன்படுத்தும்போது ஒரு வருடத்தில் நூற்றில் சுமார் 13 பேருக்கு ஆணுறையும், 7 பேருக்கு மாத்திரையும் தவறுகின்றன. கையில் தோலுக்கடியில் வைக்கும் இம்பிளான்ட்டில் ஒருவருக்குக்கூட இல்லை என்கிற அளவுதான். குழந்தை பெறாதவர்களும் காப்பர் டி போட்டுக்கொள்ளலாம். உறவுக்குப்பின் ஐந்து நாளுக்குள் போட்டால் அவசர மாத்திரையைவிட அது நம்பகமானது. பால்வினை நோயைத் தடுக்க மட்டும் ஆணுறையை விட்டால் வேறில்லை.

கிளினிக்கின் குறை நேரம்தான். எல்லா நாளும் திறந்திருக்காது, காத்திருக்கவும் வேண்டும். அவசரம் என்றால் கிளினிக் திறக்கும்வரை உட்கார்ந்திருக்காமல் மருந்துக்கடைக்கே போய்விடலாம். மற்றபடி போகும்முன் போனில் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டு முகவரிக்குக் கடிதம் ஏதும் வருமா? நீங்கள் என் நம்பருக்குக் கூப்பிட்டால் எங்கிருந்து என்று சொல்வீர்கள்?