மதுரையில் ஞாயிறு காலை படம் வரையக் கூடுகிறவர்கள்: சும்மா போகலாமா, எந்த ஒர்க்‌ஷாப்புக்குக் காசு கட்டலாம்?

பள்ளிக்கூடத்தோடு படம் வரைவதை விட்டுவிட்டு, வேலை, வீடு, பிள்ளைகள் என்று ஆன பிறகு திரும்பவும் ஒரு பென்சிலைத் தொட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் நம் ஊரில் நிறையப் பேர். என்னிடமே பலர் கேட்டுவிட்டார்கள், "அந்த ஞாயிற்றுக்கிழமை குழு எப்படி, போனால் ஏதாவது கற்றுத் தருவார்களா, இல்லை நன்றாக வரைகிறவர்கள் மட்டும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பார்களா" என்று. தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

குழுவுக்குப் பெயர்ப் பலகை கிடையாது, அலுவலகம் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குரூப்தான் எல்லாமே. வங்கி ஊழியர், பாலிடெக்னிக் மாணவர்கள், தையல் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் (எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான்), எப்போதாவது அம்மாவோடு வரும் சின்னப் பிள்ளைகள் என்று கலவையான கூட்டம். ஓவியத்தைத் தொழிலாக வைத்திருப்பவர் யாரும் இல்லை. ஞாயிறு வரைவதற்குக் கட்டணம் கிடையாது, தாளும் பென்சிலும் நம்முடையது. ஒர்க்‌ஷாப்புக்குத் தனியாக 600 முதல் 900 ரூபாய் வரை வாங்குகிறார்கள்.

அவர்களுடைய ஒரே கட்டாயம், கண் முன்னால் இருப்பதைத்தான் வரைய வேண்டும், செல்போனில் போட்டோ எடுத்து வீட்டில் போய் வரைந்து கொண்டுவரக் கூடாது. இது இவர்களாகக் கண்டுபிடித்த விதி இல்லை. சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த ஸ்பெயின்காரர் கேப்ரியல் காம்பனாரியோ 2007இல் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்ற இயக்கம் இன்று உலகம் பூராவும் பரவியிருக்கிறது, இந்த விதி அவர்களுடைய உறுதிமொழியிலேயே இருக்கிறது. நம் ஊர்க் குழு அதில் முறைப்படி சேர்ந்தது இல்லை என்றாலும் வழிமுறை அதேதான். ஆரம்பத்தில் எனக்கு இது தேவையில்லாத கெடுபிடியாகத்தான் பட்டது. போகப் போகத்தான் புரிந்தது, போட்டோவில் எது முக்கியம் என்பதை கேமரா ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறது, நேரில் உட்கார்ந்தால் எதை விடுவது, எதை எடுப்பது என்று நாமே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. படம் வரைவதில் பாதி வேலை அதுதான்.

இடங்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் குழுவின் பலமே இடம் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. திருமலை நாயக்கர் மகாலை நாம் எல்லோரும் சின்ன வயதில் ஸ்கூல் டூரில் பார்த்திருப்போம், ஒலி ஒளிக் காட்சி பார்த்திருப்போம், அதோடு சரி. அங்கே ஒரு தூணுக்குக் கீழே உட்கார்ந்து முற்றத்தின் அந்தக் கோடி வரை வரையச் சொன்னால்தான் அது எவ்வளவு பெரிய கட்டடம் என்று உறைக்கும். 1636இல் கட்டியது, இன்று நிற்பது பழைய மாளிகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் என்கிறார்கள், அந்த நாலில் ஒன்றே இப்படி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தூணை ஒல்லியாகப் போட்டுவிடுகிறார்கள். வாத்தியார் அதைத் திருத்த மாட்டார், "அந்தத் தூணுக்குப் பக்கத்துல நிக்கிற ஆளை வரைங்க" என்பார். ஆளை வரைந்ததும் தூண் தப்பு என்று நமக்கே தெரிந்துவிடும், அழித்துவிட்டு அகலமாகப் போடுவோம்.

பெர்ஸ்பெக்டிவ் என்பதை, அதாவது பக்கம், தூரம் என்பதைத் தாளில் காட்டுகிற முறையை, வாத்தியார் கற்றுக்கொடுத்த விதமும் இப்படித்தான். பென்சிலைக் கைநீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தூண் வரிசையின் மேல் விளிம்பு தூரம் போகப் போக இறங்குகிறது, தூண்களின் அடிவரிசை ஏறுகிறது, இரண்டும் போய்ச் சேருகிற இடம் சரியாக நம் கண் உயரத்தில் இருக்கிறது. அப்புறம் எழுந்து நிற்கச் சொன்னார். அந்த இடம் நம்மோடு சேர்ந்து மேலே வந்துவிட்டது! யூடியூபில் எத்தனையோ வீடியோ பார்த்தும் மண்டையில் ஏறாத விஷயம், தரையில் உட்கார்ந்து எழுந்ததில் ஏறிவிட்டது. மகாலில் வெயில் முற்றத்தில் விழுந்து வளைவுகளுக்கு உள்ளே தெறிக்கும், நிழலைக் கறுப்பாகப் போட்டால் சுவர் அழுக்காகத் தெரியும். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால் ஒரு சாம்பல் வரும், நீலத்தைக் கூட்டினால் குளிர்ச்சியான நிழல், பழுப்பைக் கூட்டினால் வெயில் பட்ட நிழல். டப்பாவில் இருக்கும் கறுப்பை அதற்கப்புறம் நான் தொடவே இல்லை.

மாரியம்மன் தெப்பக்குளம் காலை ஆறரைக்கு. இவ்வளவு சீக்கிரமா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது. எட்டரை ஒன்பதுக்கு மேல் நம் ஊர் வெயில் வெள்ளைத் தாளில் பட்டால் கண் கூசும், கூசுகிற தாளில் எல்லாக் கலரும் வெளுப்பாகத் தெரிவதால் மேலும் மேலும் அடர்த்தியாகப் போட்டுக்கொண்டே போவோம், வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருட்டாக இருக்கும். குளத்தில் தண்ணீர் நிற்கும்போது மைய மண்டபத்தின் பிரதிபலிப்பு வரைவதற்கு அருமையான பாடம். வெளிச்சமான பொருள் தண்ணீரில் கொஞ்சம் இருண்டும், இருண்ட பொருள் கொஞ்சம் வெளுத்தும் தெரியும், இதைச் சொல்லிவிட்டு அப்படியா என்று நம்மையே பார்க்கச் சொல்வார்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஆட்கள் நிற்கவே மாட்டார்கள், மூட்டையோடு வருவார்கள், தட்டுவார்கள், போய்விடுவார்கள். முதுகு வளைவை ஒரே கோட்டில் பிடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போக வேண்டியதுதான். கை தானாக வேகமாகிவிடும். அங்கே யாரை வரைந்தாலும் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும், வரைந்த பிறகு காட்ட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கூட்டிப் போகிறார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மல்லிகை அளந்து போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தராசைக் காணோமே, தராசு இல்லாம நான் எப்படி யாவாரம் பண்றது" என்றார். வரைந்த பையன் அங்கேயே நின்று தராசைப் போட்டுக் கொடுத்தான்.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் ஒருமுறை கூட்டிப் போனார்கள். அடிவாரத்தில் ஆலமரம், தாமரைக் குளம், அய்யனார் கோவில் என்று ஒரே இடத்தில் வருஷம் முழுக்க வரைய விஷயம் இருக்கிறது. மேலே பேச்சிப்பள்ளத்தில் பாறையில் வரிசையாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்கள், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை, கீழே வட்டெழுத்து. புடைப்புச் சிற்பத்தைக் கோட்டால் வரையப் போனால் பொம்மை மாதிரி ஆகிவிடும், நிழல் விழுந்த இடத்தை மட்டும் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துக்கொண்டே வந்தால் முகம் தானாக எழுந்து வருகிறது. ஆனால் மேலே நிழலுக்கு ஒதுங்க இடமில்லை, கழிப்பறைக்கும் வழியில்லை. வயதானவர்களையும் பெண்களையும் கூட்டிப் போகும்போது இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு பேர் பாதியில் இறங்கி வந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் முடிகிற விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. எல்லோரும் தங்கள் நோட்டைத் திறந்து தரையில் வரிசையாக வைக்க வேண்டும். ஒவ்வொருவரும் இன்னொருவர் படத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், "சூப்பர்" என்று சொல்லக் கூடாது, "நல்லா இருக்கு" என்றும் சொல்லக் கூடாது, அந்தப் படத்தில் என்ன பார்த்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். முதல் நாள் வருகிறவர் கூச்சத்தில் நோட்டை வைக்கத் தயங்குவார், யாரும் வற்புறுத்த மாட்டார்கள், ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவர் படத்தைப் பார்த்து "அங்கிள், அந்த ஆட்டோவோட பின் டயர் பள்ளத்துல இறங்கியிருக்கிறதை நீங்க மட்டும்தான் போட்டிருக்கீங்க" என்று சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு இப்படித் தாங்கள் செய்ததை இன்னொருவர் உன்னிப்பாகப் பார்க்கிற அனுபவம் வேறு எங்கேயும் கிடைப்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே நான் இந்தக் குழுவை யாருக்கும் தைரியமாகச் சொல்வேன்.

இப்போது ஒர்க்‌ஷாப்புகள். இங்கேதான் ஏற்ற இறக்கம்.

வாட்டர் கலர் ஒர்க்‌ஷாப் எனக்குத் திருப்தி இல்லை. வெளியூரிலிருந்து வந்தவர் நன்றாக வரைகிறவர், சந்தேகமே இல்லை, ஆனால் மூன்று மணி நேரத்தில் வானம், மரம், தண்ணீர், கட்டடம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போனார். அவர் வரைவதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம், நாம் வரைந்தது குறைவு. கட்டணத்தில் சேர்த்துக் கொடுத்த தாளும் சன்னமானது, தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பிக் கலர் பள்ளத்தில் தேங்கியது. ஈரத்தின் மேல் ஈரமாகக் கலர் விடுகிற முறைக்கு 300 ஜிஎஸ்எம் மாதிரி கெட்டியான தாள் இருந்தால்தான் சரிப்படும், அதைக் கொடுக்க முடியாவிட்டால் கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். இன்னொன்று, ஃபேன் ஓடுகிற மதுரை அறையில் ஒரு வாஷ் (நீர்க்கக் கரைத்த கலரை அகலமாகப் பூசுவது) போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்து ஓரத்தில் கோடு விழுந்துவிடும். ஒர்க்‌ஷாப் நடந்த மண்டபத்தில் அத்தனை பேருக்கும் அந்தக் கோடு விழுந்தது, ஏன் விழுகிறது என்று அவர் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு தையல் கடை அக்காதான் வழி சொன்னார்: இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டில், தாளின் பின்பக்கமும் ஈரம் காட்டிவிட்டு அட்டையில் ஒட்டிவிட வேண்டும். இப்போது குழுவில் எல்லோர் பையிலும் ஒன்று இருக்கிறது.

முகம் வரைகிற ஒர்க்‌ஷாப் பரவாயில்லை ரகம். நடுவில் ஒருவரை உட்கார வைத்துச் சுற்றி இருந்து வரைந்தோம். கண்கள் நெற்றிக்குப் பக்கத்தில் இல்லை, தலையின் சரிபாதியில் இருக்கின்றன என்பதைப் புதியவர்கள் நம்பவே மாட்டார்கள், அளந்து பார்த்தால்தான் ஒத்துக்கொள்வார்கள். அடிப்படை தெரிந்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

விளாச்சேரி மண் பொம்மை ஒர்க்‌ஷாப்புக்கு மட்டும் கேட்கிற காசைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பசுமலை தாண்டி இருக்கிற விளாச்சேரியில் தலைமுறை தலைமுறையாகக் கொலு பொம்மை செய்கிறார்கள், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் அங்கிருந்துதான் போகின்றன என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. இந்த ஒர்க்‌ஷாப் மண்டபத்தில் இல்லை, பொம்மை செய்கிறவரின் வீட்டு முற்றத்திலேயே. மிதித்துப் பதமாக்கின களிமண்ணை அப்பளம் மாதிரி தட்டி, அச்சின் உள்ளே பொடி தூவி, அதன்மேல் இந்த மண்ணை வைத்துக் கட்டைவிரலால் மூலை முடுக்கெல்லாம் அழுத்த வேண்டும். மூக்கு நுனியில் விரல் அழுத்தம் பற்றாவிட்டால் பொம்மைக்கு மூக்கு மொண்ணையாகிவிடும். முன்பாதியும் பின்பாதியும் தனித்தனி அச்சு, ஓரத்தைக் கீறிவிட்டு மண் கரைசலைத் தடவி இரண்டையும் சேர்த்து, மூட்டுத் தெரியாமல் ஈர விரலால் நீவி விடுகிறார் அந்தப் பெரியவர், அந்த விரல் போகிற வேகத்தைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. உள்ளே கூடாக இருக்க வேண்டும், அடியில் ஒரு ஓட்டை விட வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் பொம்மை வெடித்துவிடும். வெயிலில் காயவைக்கக் கூடாது, நிழலில்தான், இல்லாவிட்டால் மேல்பக்கம் மட்டும் சுருங்கி விரிசல் விடும். அவர் பாடம் நடத்தவில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டே நம் கையையும் பார்த்தார், தப்பாக அழுத்தினால் நம் விரலைப் பிடித்தே அழுத்திக் காட்டினார். கட்டணத்தில் பெரும்பகுதி அந்தக் குடும்பத்துக்கே போகிறது என்று சொன்னார்கள், அதுதான் நியாயம். வருஷத்துக்கு ஒருமுறைதான் நடத்துகிறார்கள், இதை இரண்டு மூன்று முறையாவது நடத்த வேண்டும்.

ஒழுங்கமைப்பில் குறைகள் உண்டு. ஒர்க்‌ஷாப் சொன்ன நேரத்துக்குத் தொடங்கியதே இல்லை, தூரத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு அது கஷ்டம். வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே இடம் மாறிய செய்தி தொலைந்துபோய் ஒரு ஞாயிறு நாலைந்து பேர் தெப்பக்குளத்தில் காத்திருக்க, மற்றவர்கள் மகாலில் இருந்தார்கள். அறிவிப்புக்கு என்று தனி குரூப் வையுங்கள் என்று சொல்லியிருக்கிறோம். வருஷக் கடைசியில் வைக்கிற கண்காட்சியில் ஃபிரேம் போட்ட படம்தான் வைக்கலாம் என்பதும் சரியில்லை, ஃபிரேமுக்கு ஆகிற செலவை மாணவர்களால் கொடுக்க முடிவதில்லை. கிளிப் போட்டுக் கயிற்றில் மாட்டினால் என்ன குறைந்துவிடும்? தரையில் நோட்டை விரித்து எல்லோரையும் சமமாகப் பார்க்கிற குழு அது, கண்காட்சியிலும் அப்படியே இருக்கலாம்.

போகிறவர்கள் கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. ஏ5 அளவு கெட்டித்தாள் நோட்டு, 2பி பென்சில், ஒரு பேனா, தண்ணீர், தொப்பி, உட்கார ஒரு பிளாஸ்டிக் பாய். கலர் ஆசை இருந்தால் கேம்லின் வாட்டர் கலர் கேக் டப்பா போதும், விலை கூடின டியூப்களை முதல் மாதமே வாங்க வேண்டாம். மகால் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், நுழைவுச் சீட்டு நம் செலவு. குரூப்பில் சேர யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை, ஞாயிறு காலை தெப்பக்குளக் கரையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்டால் சேர்த்துவிடுவார்கள். விளாச்சேரிக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் ஆடி பிறப்பதற்குள் பெயர் கொடுத்துவிடுங்கள், அதற்கப்புறம் நவராத்திரி வேலை சூடுபிடித்துவிடும், அந்த வீட்டில் யாருக்கும் நமக்குச் சொல்லித்தர நேரம் இருக்காது.