ஜேஆர்எஃபா, வென்னர்-கிரெனா? சித்தேரி மலையிலிருந்து ஒரு கணக்கு

அரூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து மானிடவியலில் பிஎச்டி சேரும் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருவர் இருவராவது "எதுக்கு அப்ளை பண்ணலாம் அண்ணா?" என்று கேட்கிறார்கள். நான் ஜேஆர்எஃப், அதாவது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஆய்வு உதவித்தொகை, வாங்கிக்கொண்டு தருமபுரி மாவட்டச் சித்தேரி மலையில் களப்பணி செய்பவன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் தொகை. யுஜிசி ஜேஆர்எஃப் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஸ்ஆர்எஃப் (மூத்த ஆய்வாளர்) ஆனால் 42,000. ஐந்து ஆண்டும் முழுதாக வாங்கினால் 24 லட்சம், வீட்டு வாடகைப் படி தனி. நியூயார்க்கில் இருக்கும் வென்னர்-கிரென் அறக்கட்டளை தரும் ஆய்வேட்டுக் களப்பணி நல்கை அதிகபட்சம் 25,000 டாலர். ரூபாயில் அதுவும் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். எந்த நாட்டவரும் கேட்கலாம். மே 1, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு இரண்டு கெடு. 1941-இல் சுவீடன் தொழிலதிபர் ஆக்செல் வென்னர்-கிரென் கொடுத்த பணத்தில் தொடங்கிய அறக்கட்டளை இது. மானிடவியலுக்கென்றே பணம் கொடுக்கிற இடம், 'கரண்ட் ஆந்த்ரோபாலஜி' இதழுக்கும் இதுதான் பின்பலம். பெயர், மதிப்பு என்று பார்த்தால் ஜேஆர்எஃப் பக்கத்திலேயே வராது.

தொகை கிட்டத்தட்ட சமம் என்றால் எதை வைத்து முடிவு செய்வது? காலத்தை வைத்துத்தான்.

சித்தேரியில் மலையாளிகளின் (கேரளத்தவர் அல்ல, இந்த மலைப் பழங்குடியினர்) ஆண்டு மழையோடு ஓடுகிறது. மழை பார்த்துச் சாமை விதைப்பார்கள். வேலை ஓய்ந்ததும் பாதி வீடுகளில் ஆண்கள் திருப்பூருக்கோ கேரளத் தோட்டங்களுக்கோ இறங்கிவிடுவார்கள். திருவிழாவுக்குத் திரும்பி வருவார்கள். மழை பொய்த்தால் இந்த வரிசையே கலைந்துவிடும். ஒரே ஆண்டு பார்த்துவிட்டு எழுதினால், நாம் பார்த்தது வழக்கமான ஆண்டா, கெட்ட ஆண்டா என்றே தெரியாது. வென்னர்-கிரென் பணம் ஒரு திட்டத்துக்கு, அதில் எழுதிக் கொடுத்த களக்காலத்துக்கு. அது முடிந்தபின் இரண்டாம், மூன்றாம் விதைப்புக்கு மலையேற வேறு பணம் தேட வேண்டும். ஜேஆர்எஃபில் அந்தக் கவலை இல்லை.

அதற்கு முன்னால் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறது. நோட்டும் கையுமாகப் போனால் முதலில் வரும் கேள்வி, "சார் ஃபாரஸ்ட்டா?" வாச்சாத்தி இந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. 1992 ஜூனில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊரில் செய்த கொடுமைக்கு 2011-இல்தான் தண்டனை வந்தது, 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்த நினைவு உள்ள இடத்தில் ஆறு மாதம் சும்மா டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். அந்த ஆறு மாதத்தை எந்த பட்ஜெட் தலைப்பில் காட்டுவது?

பில் விஷயமும் உண்டு. தங்கும் வீட்டில் சாப்பாட்டுக்குக் காசு நீட்டினால் வாங்க மாட்டார்கள், சங்கடப்படுவார்கள். அரூரில் டீத்தூள், சர்க்கரை, கடலை எண்ணெய், பிள்ளைகளுக்கு நோட்டு என்று வாங்கிப் போனால் முகம் மலரும். சந்தையில் இதற்கெல்லாம் யார் பில் போடுகிறார்கள்? ஜேஆர்எஃப் மாதத்தொகை நம் பணம், கணக்குக் காட்ட வேண்டாம். பில் கேட்பது கான்டிஞ்சென்சி என்கிற ஆய்வுச் செலவுத் தொகைக்கு மட்டும். கலைப் பாடங்களுக்கு அது முதல் இரண்டு ஆண்டும் ஆண்டுக்கு வெறும் 10,000 ரூபாய், பிறகு ஆண்டுக்கு 20,500. பஸ் செலவுக்கே காணாது, அது வேறு கதை.

ஜேஆர்எஃபின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வேண்டும், வயது வரம்பு உண்டு. மாதாமாதம் துறையிலிருந்து ஆன்லைனில் உறுதிப்படுத்தினால்தான் பணம் விழும். அங்கே ஒருவர் லீவில் போனால் நம் கணக்கு காலி. களத்துக்குப் போகும் முன் கைடிடம் எழுத்தில் அனுமதி வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், வருகைப் பதிவுச் சண்டை வராது.

வென்னர்-கிரென் பணத்தைக் கையில் வாங்கிச் செலவழித்த அனுபவம் எனக்கில்லை. விதிமுறைகளைப் படித்ததும் வாங்கிய சீனியர் ஒருவர் சொன்னதும்தான். கேள்வி கூர்மையாக இருந்து, களமும் ஏற்கெனவே பழகிய இடமாக இருந்தால் அதுவே மேல் என்பார் அவர். ஓசூர் தொழிற்பேட்டை மாதிரி இடத்தில் ஓராண்டு ஆய்வென்றால் நானும் ஒத்துக்கொள்வேன். கல்விக்கட்டணத்துக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், தர மாட்டார்கள்.

ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் கழகம்) தரும் முனைவர் பட்ட உதவித்தொகை குறைவு, காலமும் குறைவு. நெட் கைகூடாதவர்களுக்கு அது. மலையிலேயே பிறந்து படித்து வந்தவர் என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். பழங்குடியினருக்கான தேசிய உதவித்தொகை ஆண்டுக்கு 750 பேருக்கு, தொகை ஜேஆர்எஃப் அளவுதான், நெட் தேறியிருக்க வேண்டியதில்லை. சாதிச் சான்றிதழை மட்டும் முதலாண்டிலேயே கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகம் போனால் வேலைக்காகாது.

ஜேஆர்எஃப் கிடைத்தபின் வென்னர்-கிரெனுக்கும் போடலாமா என்பார்கள். இரண்டு பணத்தை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாமா என்பதைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு போடுங்கள். வாய்மொழியாக யாராவது "பரவாயில்லப்பா" என்றால் அதை நம்பி இறங்காதீர்கள்.